நூறு பேரில் எத்தனை பேர்?

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, குமாசி நகரத்து இலவமரக் குன்று மருத்துவமனையில், அஜோவா பினமாங் என்னும் தையற்கார அம்மையார் தம் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி சிறியது, விடை அதனினும் சிறியது. அவ்விடை அவரை வந்தடைய எட்டு வாரங்களும் இரண்டு நாள்களும் ஆயின. வந்தடைந்த இடமும் மருத்துவமனை அன்று. இதுதான் குறை. இது குறையே அன்று என்று அம்மருத்துவமனை சாதிப்பது இரண்டாவது குறை.

பினமாங்குக்கு வயது ஐம்பத்திரண்டு. மூன்று வாரங்களுக்கு முன்னர் அவருடைய இடது மார்பகத்தைப் புற்றுநோய்க்காக அகற்றியிருந்தனர். கட்டி சிறியது, அக்குளின் நிணநீர் நெறிகளுக்குப் பரவியிருக்கவில்லை. இனி ஐந்தாண்டுகளுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்பாகக் கீமோ மருந்தையும் நரம்பில் ஏற்றிக்கொள்வதா, வேண்டாவா என்பதே மிச்சமிருந்த ஐயம். ஏற்றிக்கொண்டால் சிலருக்கு விரல் நுனிகள் மரத்துப்போய் அப்படியே நின்றுவிடும் என்று மருத்துவமனைத் துண்டுத்தாளில் அச்சிட்டிருந்தது. ஏற்றிக்கொள்ளாவிட்டால் சிலருக்கு நோய் திரும்பும் என்று அதன் மறுபக்கத்தில் அச்சிட்டிருந்தது. ஊசியில் நூல் கோத்தே முப்பது ஆண்டுகள் உண்டு வாழ்ந்தவருக்கு ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் உயிர். எத்தனை கஜம் என்று அறியாமல் எந்தத் துணியிலும் அவர் கத்திரி வைத்ததில்லை.

ஆகையால் அறுவை மருத்துவரிடம் கேட்டார்: "டாக்டர், என்னை மாதிரி பொம்பளைங்க நூறு பேரு இருந்தா, இந்த மருந்த ஏத்தறதால அதுல எத்தனை பேருக்குப் பிரயோசனம்? எத்தனை பேருக்கு வெரலு போவுது?"

மருத்துவர் நல்லவர். அவர் எழுந்து சென்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அருமையான கேள்வி, மேடம். சுவத்துல பாருங்க."

சுவரில் மும்மொழியில் ஒரு சுவரொட்டி இருந்தது: 'முடிவு உங்களுடையது.' அருகில், பேனா பிடித்த ஒரு பெரிய கை.

"சரிங்க. முடிவு என்னோடது. நான் கேக்கறது உங்களோடத. உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க."

மருத்துவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஒரு அம்மாகிட்ட, 'நீங்க எங்கம்மாவா இருந்தா ஏத்திக்கச் சொல்வேன்'னு வாய்தவறிச் சொல்லிட்டேன். கருத்துத் திணிப்புன்னு மெமோ வந்துடுச்சு. அவங்க எங்கம்மா இல்லைங்கறதுக்கு ஆதாரம் கேட்டாங்க, மேடம். ஆதாரம்! ஆபரேஷன் ஆயிப் பன்னெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கறது நல்லது. அது மட்டும் சொல்லலாம்னு அனுமதி இருக்கு."

இதன் வரலாறு சுருக்கமானது. முன்னொரு காலத்தில் அம்மருத்துவமனையின் மருத்துவர்கள் நோயாளியைக் கேளாமலே அனைத்தையும் முடிவுசெய்தனர். அது பிழை. அப்பிழையைத் திருத்துவதற்காக நோயாளர் சுயமுடிவுப் பாதுகாப்புக் குழு என்ற ஒன்று தோன்றியது. நோயாளியிடம் மருத்துவர் எதையுமே சொல்லலாகாது என்று விதித்து, அக்குழு திருத்தத்தை நிறைவுசெய்தது.

பினமாங்கை ஆறாம் எண் சன்னலுக்கு அனுப்பினர். அங்கே டுமாசி என்னும் எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். 'அனைத்தையும் புரிந்துகொண்ட பிறகு நான் மருந்து ஏற்றிக்கொள்ள / ஏற்றிக்கொள்ளாதிருக்க முடிவுசெய்துள்ளேன்.'

"தம்பி, எதைப் புரிஞ்சுக்கணும்?"

"அது எங்க சன்னல் இல்ல, மேடம். புரியவைத்தல் பிரிவு. செவ்வாய்க்கெழமை ஏத்திக்கறவங்களுக்குப் புரியவைப்பாங்க. வியாழக்கெழமை ஏத்திக்காதவங்களுக்கு. நீங்க எது?"

"அது தெரியத்தானே வந்திருக்கேன்."

டுமாசி பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். "தெரியாதவங்களுக்குக் கெழமை இல்லீங்களே."

சன்னலுக்கு எதிரிலிருந்த பெஞ்சில் உரத்த சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவர் ஃபோசுவா, பேருந்து நிலையத்தில் வெண்ணெய் ரொட்டி விற்பவர், அவருக்கும் வலது பக்கம் அதே அறுவை நடந்திருந்தது.

"அக்கா, இங்க வந்து ஒக்காரு. நான் ஒரு வாரம் சீனியர். இந்த பெஞ்சுல ஒரு எடம் சூடாவே இருக்கும், அதான் என்னோடது. ஒனக்குத் தண்ணி குடுத்தாங்களா?"

"இல்லியே."

"எனக்குந்தான். தண்ணியும் குடுக்கல, என்ன காரியமா வந்தேன்னும் கேக்கல. நம்ம ஊர்ல பிச்சைக்காரன் வந்து நின்னாக்கூட ரெண்டுல ஒண்ணு கேப்பாங்க."

பினமாங் செவ்வாய்க்கிழமையும் சென்றார், வியாழக்கிழமையும் சென்றார். செவ்வாயன்று, தலையில் துணி கட்டும் ஐந்து விதங்களையும், வாந்தி வந்தால் இஞ்சியைச் சப்பும் முறையையும் கற்பித்தனர். நூறு பேரில் எத்தனை பேர் என்று அவர் கேட்டபோது, "இங்க இருக்கறவங்க முடிவு பண்ணிட்டவங்க, அவங்க மனசக் கலைக்காதீங்க" என்று செவிலியர் கண்டித்தார். பின்னர் அவருடைய துணிச்சலான முடிவுக்காக அனைவரும் கைதட்டினர். வியாழனன்று ஒரு துதிப்பாடல் பாடினர். மருந்து வேண்டாமென்ற அவருடைய துணிச்சலான முடிவுக்காக அங்கும் கைதட்டினர். இரண்டு துணிச்சல்களையும் சுமந்துகொண்டு வீடு திரும்பிய அம்மையாருக்கு மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஒரே நோயாளி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு முடிவுகளை எடுத்திருப்பதால் ஆண்டறிக்கையில் ஓர் ஆள் கூடுதலாக வருகிறார். ஆகவே அவர் குழுவின் முன் நேரில் தோன்றி, தாம் ஒருவரே என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

குழு கூட நான்கு வாரங்கள் ஆயின. ஏப்ரல் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஒன்பது உறுப்பினர்கள் நீண்ட மேசைக்குப் பின்னால் அமர்ந்தனர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர்ப் புட்டி. பினமாங்குக்கு முன்னால் ஒரு மைக்.

தொடக்க ஜெபம் நடந்தது. பேராசிரியர் ஆட்டாகோராவைத் தலைமை ஏற்குமாறு முன்மொழிந்தனர், வழிமொழிந்தனர், அவர் பத்தாண்டுகளாக அக்குழுவின் தலைவராயிருந்தும், எதிர்பாராத பெருமை வந்து சேர்ந்தவர்போல் மார்பில் கை வைத்து எழுந்து, தலைமை ஏற்புரை ஆற்றினார். பெரிய உருவம், பெரிய குரல்.

"இந்தக் குழு ஒரு நோயாளியோட முடிவுலகூட மூக்க நுழைச்சதில்லன்னு பெருமையாச் சொல்லிக்கறேன். போன வருஷம் மட்டும் எரநூத்திப் பதினாலு பேரு தாங்களே முடிவெடுத்தாங்க. அதுல அறுபத்தொரு பேரு, மருந்து ஏத்த வேண்டிய கெடு தாண்டினதுக்கு அப்புறம் முடிவெடுத்தாங்க. நாங்க அவசரப்படுத்தினோமா? இல்ல! பதினேழு பேரு காசு சுண்டிப் பாத்து முடிவு செஞ்சதாப் படிவத்துலயே எழுதியிருக்காங்க. அதை ஒரு உறுப்பினர் ஆட்சேபிச்சாரு. நான் சொன்னேன்: காசு நோயாளியோடது, சுண்டின வெரலும் நோயாளியோடது, அப்புறம் என்ன ஆட்சேபணை? இந்த ஆஸ்பத்திரில, 'டாக்டர் சொன்னாரு, அதனால செஞ்சேன்'னு விரல் நீட்ட இன்னைக்கு ஒரு நோயாளியாலயும் முடியாது!"

பலத்த கைதட்டல். அதன்பின் செயலாளர் அம்மையார் வரவேற்புரை ஆற்றினார். அதன்பின் தலைவர் வரவேற்புரைக்கு நன்றி சொன்னார். பதினொன்றரை மணிக்கு, விருந்தினர் பேச இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது.

"வணக்கங்க. நான் ஒரு ஆளுதான்," என்று பினமாங் முதலில் தெளிவுபடுத்தினார். குழு நிம்மதி அடைந்தது. "இந்த மருந்தால நூறுல எத்தனை பேருக்குப் பிரயோசனம்? அது மட்டும் சொன்னாப் போதுங்க. எனக்கு இது எட்டாவது வாரம்."

மேசையின் கடைசியில், புற்றுநோய் மருத்துவர் அமிஸ்ஸா அம்மையார் அமர்ந்திருந்தார்; நாற்பது வயதிருக்கும்; குழுவிலேயே விடை அறிந்தவர் அவர் ஒருவர்தாம். அவர் வாயைத் திறந்தார். தலைவர் மணியை அடித்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

செயலாளர் எழுதியதை வாசித்தார்: "விருந்தினரால் எழுப்பப்பட்ட கேள்வி, குழுவால் மிகுந்த பாராட்டுதலுடன் பதிவுசெய்யப்பட்டது." அந்த வாக்கியத்தில் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, இரண்டையும் இணைக்க வேண்டிய அனைத்தும் இருந்தன. விடைதான் இல்லை.

நன்றியுரை, நிறைவு ஜெபம், குழுப்படம். படம் எடுக்கும்போது பினமாங்கின் தோளருகே நின்ற செயலாளர், அவர் அணிந்திருந்த கபா என்னும் மேற்சட்டையின் கைப்பகுதியைத் தடவிப் பார்த்தார். "மேடம், இந்தச் சட்டைய யாரு தைச்சா? இவ்ளோ கச்சிதமா இருக்கு!"

"நான்தாங்க."

"அட! குழுவோட பத்தாவது ஆண்டு விழா வருது. விழாத் துணி அச்சடிச்சு வந்தாச்சு. ஒம்பது பேருக்கும் நீங்களே தைச்சுக் குடுத்துடுங்களேன்."

குமாசியில் பள்ளிக்கு விழாவென்றாலும், சபைக்கு விழாவென்றாலும் அதற்கெனத் துணி அச்சாகும்; குழு அதற்கு விலக்காகுமா? நீல நிறத்தில், ஒரு முழத்துக்கு ஒன்றாக, பேனா பிடித்த கையும் 'முடிவு உங்களுடையது' என்ற வாசகமும் அச்சாகியிருந்தன.

மே மாதம் எட்டாம் நாள், புதன்கிழமை, மருத்துவமனை வேனில் ஒன்பது பேரும் பினமாங்கின் 'கர்த்தரின் நேரமே நேரம்' தையலகத்துக்கு வந்து இறங்கினர். பினமாங்குக்கு அது பன்னிரண்டாவது வாரம். கெடுவுக்கு ஐந்து நாள்கள் இருந்தன. ஃபோசுவா தம் ரொட்டிக் கூடையுடன் மூலையில் முன்கூட்டியே வந்து அமர்ந்திருந்தார். "இதப் பாக்காம நான் ரொட்டி விக்கப் போறதா?" என்பது அவர் கூறிய காரணம்.

பினமாங் அனைவரையும் வலப்புறத்திலிருந்து தொடங்கிக் கைகுலுக்கி வரவேற்றார். ஆளுக்கொரு தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு முறைப்படி கேட்டார்: "ஐயா, இங்க எல்லாம் சொகம். நீங்க வந்த காரியம்?"

"எங்களுக்கும் சொகம்தான், மேடம். கெட்ட சேதி ஒண்ணுமில்ல. விழாத் துணிக்கு அளவு குடுக்க வந்தோம்," என்று தலைவரும் முறைப்படி விடையளித்தார்.

வந்தவரின் காரியம் இரண்டே நிமிடங்களில் தெரிந்துவிட்டதை ஃபோசுவா விரல்விட்டுக் காட்டினார்.

தலைவர் கைகளை விரித்து நின்றார். பினமாங் நாடாவை அவர் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கச் சற்று நேரம் பிடித்தது.

"கழுத்து வட்டமா வேணுங்களா, கூர்மையாவா?"

"எது நல்லாருக்கும்னு நீங்களே சொல்லுங்க."

நாடா நின்றது. "சொல்லக் கூடாதுங்களே, ஐயா."

"ஏன்?"

"திணிப்பாயிடும். ஒடம்பு உங்களோடது."

தலைவர் புன்னகை செய்தார். நல்ல நகைச்சுவை என்று கருதியிருக்கலாம். பினமாங் கேலி செய்யவில்லை என்பதே அவர் பின்னாளில் கூறியது. எட்டு வாரங்களாக அவர் கற்றது அதுதான். ஆலோசனை சொன்னால் மெமோ வரும் என்று அவர் மெய்யாகவே அஞ்சினார்.

"சரி, வட்டமாவே வைங்க. அந்தக் கைச் சின்னம் எங்க வரும்?"

"முன்னால வச்சா நடு வயித்துல விழும். பின்னால வச்சா முதுகுல விழும்."

"எது எடுப்பா இருக்கும்?"

"வயித்துல வேணுங்கறவங்க செவ்வாக்கெழமை வாங்க, ஐயா. முதுகுல வேணுங்கறவங்க வியாழக்கெழமை. முடிவு பண்ணிட்டு வந்தீங்கன்னா புரியவைக்கறேன்."

மூலையில் ஃபோசுவா மேல்துணியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். தலைவரின் கழுத்து நரம்பு புடைத்தது.

"அம்மா! முப்பது வருஷமாத் தைக்கறவங்க நீங்க! துணியப்பத்தி எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவங்க தெரிஞ்சதச் சொல்லணும், தெரியாதவன் அதக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணணும்! அது இல்லாம வெறுமனே 'முடிவு உங்களோடது'ன்னா அது என்ன பேச்சு? நடுத்தெருவுல விட்டுட்டுப் போற மாதிரி!"

எட்டு உறுப்பினர்களும் தரையிலிருந்த நூல்களை எண்ணினர். இலவமரக் குன்று மருத்துவமனையைச் சேர்ந்த ஒருவர் பத்தாண்டுகளில் பேசிய மிகச் சரியான பேச்சு அது. அதைக் கேட்காதவர் பேசியவர் ஒருவர்தாம்.

"அப்போ சொல்லலாங்களா, ஐயா?"

"சொல்லித் தொலைங்களேன்!"

"முதுகுல வைங்க. வயித்துல வச்சா அந்தப் பேனா நேரா உங்க தொப்புளக் காட்டும்."

தலைவர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்தார், ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தார், முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கூறி, தொலைபேசியில் பேச வேனுக்குச் சென்றார். அவருக்கு வேறெதுவும் விளங்கியதாகத் தெரியவில்லை.

கடைசியில் மருத்துவர் அமிஸ்ஸாவின் முறை வந்தது. திரைக்குப் பின்னால் பினமாங் அவருடைய மார்பைச் சுற்றி நாடாவை வைத்தார். மார்பளவு எடுக்கும் கை ஒரு நொடி தயங்கிற்று; பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டது.

"மேடம்," என்றார் அமிஸ்ஸா. "எல்லாரையும் வந்த காரியம் கேட்டீங்க. என்னைத் தனியாக் கேக்கலியே."

"இப்ப கேக்கறேன். நீங்க வந்த காரியம், டாக்டர்?"

"துணி இல்ல. அன்னைக்கு வாயத் தொறந்துட்டு மூடிட்டேன். இருபத்தாறு நாளாத் தூக்கமில்ல." அளவுக்காக அவர்மேல் போர்த்திய துணி முழுக்க ஊசிகள் குத்தியிருந்தன, அசையாமல் நின்றபடியே பேசினார். "உங்க பைலப் பாத்திருக்கேன். உங்கள மாதிரி நூறு பேரு, சின்னக் கட்டி, நெறிக்குப் போகல, மாத்திரைக்கு அடங்கற வகை. மாத்திரைய மட்டும் ஒழுங்கா முழுங்கினாப் பத்து வருஷத்துல தொண்ணூறு பேருக்குத் திரும்பாது. கீமோவும் ஏத்தினாத் தொண்ணூத்தொண்ணு, மிஞ்சினாத் தொண்ணூத்திரெண்டு. வெரலு மரத்து நெலச்சுப்போறது பத்துப் பதினஞ்சு பேருக்கு. இது உத்தேசக் கணக்கு. ஆனா எனக்குத் தெரிஞ்ச உண்மைக் கணக்கு."

அவ்வளவுதான். எட்டு வாரங்களும் இரண்டு நாள்களும் காத்திருந்த விடை, பாவாடைக்கு அளவெடுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

"என் எடத்துல நீங்க இருந்தா?"

அமிஸ்ஸா திரையைப் பார்த்தார். அதற்கப்பால் குழு இருந்தது.

"ஏத்திக்க மாட்டேன்," என்றார், உரக்கவே. "மாத்திரைய ஒரு நாளும் விட மாட்டேன். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுவேன். ஆனா ஒண்ணு, அக்கா. நூறுல அந்த ஒருத்தி நாந்தானோன்னு சில நாள் காலைல நெனப்பு வரும். அந்த நெனப்போட வாழ முடியாதுன்னாத் தாராளமா ஏத்திக்குங்க. அதுவும் தப்பில்ல. இதத்தான் நீங்க முடிவு பண்ணணும். மிச்சத்தச் சொல்றது என் வேலை."

திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை உள்ளே நுழைந்தது. "அப்ப எனக்கும் வேண்டாந்தானே, டாக்டர்?"

ஃபோசுவா தம் அறிக்கையை ரொட்டிக் கூடையின் அடியிலிருந்து எடுத்து நீட்டினார்; அதில் வெண்ணெய்க் கறை இருந்தது. அமிஸ்ஸா வாசித்தார். அவர் முகம் மாறியது.

"உங்களுக்குக் கணக்கே வேற, ஃபோசுவா. அஞ்சு நெறிக்குப் போயிருக்கு. ஒண்ணும் பண்ணலன்னா நூறுல அம்பது பேருக்குத் திரும்பும். ஏத்தினா அந்த அம்பதுல பதினஞ்சு பேரு தப்பிக்கறாங்க. நானா இருந்தா நேத்தே ஏத்தியிருப்பேன். ஆபரேஷன் ஆயி எத்தனாவது வாரம்?"

"பதிமூணு."

"இன்னும் பிந்திடல. ஆனா இனி ஒரு நாள்கூடக் கூடாது. நாளைக்குக் காலைல வாங்க. படிவம் கெடக்கட்டும்."

பினமாங் ஃபோசுவாவின் கையைப் பற்றினார்.

"வெரலு மரத்துச்சுன்னா?" என்றார் ஃபோசுவா.

"மரக்கலாம்."

"ரொட்டி வெட்டக் கத்திதானே வேணும். முடி?"

"கொட்டும்."

"எங்கிட்ட மூணு டோப்பா இருக்கு, அக்கா. அந்த மூணாவத வாங்கினதுக்கு எம்புருஷன் இன்னைக்கும் திட்டறான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "இனிமே வாயத் தொறக்கட்டும், பாக்கறேன்."

அன்று மாலை, அனைவரும் சென்ற பின், பினமாங் மிக மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்தில் நூல் கோத்தார். முதல் முயற்சியிலேயே நுழைந்தது. அந்த ஒருத்தி தாமாக இருந்தால் என்ன என்று எண்ணினார். அச்சமாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை எண்ணினார். அச்சம் குறையவில்லை, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு விளக்கை அணைத்தார்.

மே பதின்மூன்றாம் நாள், கெடுவின் கடைசி நாள், அவர் ஆறாம் எண் சன்னலில் நின்றார். 'ஏற்றிக்கொள்ளாதிருக்க' என்பதில் குறியிட்டார். படிவத்தின் அடியில் ஓர் உறுதிமொழி இருந்தது: 'இம்முடிவில் வேறெவருடைய கருத்தும் கலக்கவில்லை.' பினமாங் அதை அடித்துவிட்டுத் தம் கையால் எழுதினார்: 'தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கேட்டேன். பிறகு நானே முடிவுசெய்தேன்.'

டுமாசி வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மேடம், இது செல்லாதே! கலப்பட முடிவு!"

"செல்லாட்டி என்ன ஆகும், தம்பி?"

"நீங்க இன்னும் முடிவெடுக்கலன்னு பதிவாகும்."

"ஆகட்டும். ஒரு டம்ளர் தண்ணி குடு. கையில மாத்திர இருக்கு."

டுமாசி சற்று விழித்தார். பின்னர்த் தம் சொந்தப் புட்டியைச் சன்னல் வழியே நீட்டினார். அம்மருத்துவமனை அவருக்குக் கொடுத்த முதல் தண்ணீர் அது.

அமிஸ்ஸாவுக்கு மெமோ வந்தது. அவர் அதற்கு விடை எழுதவில்லை. 'பாராட்டுதலுடன் பதிவுசெய்யப்பட்டது' என்று மட்டும் அதன் மேல் குறித்துத் திருப்பி அனுப்பினார். ஃபோசுவாவுக்கு முடி கொட்டிற்று, மீண்டும் வளர்ந்தது, முன்பைவிடச் சுருள். வலக்கை விரல்கள் இரண்டு இன்றும் மரத்தே இருக்கின்றன. ரொட்டி வியாபாரம் நடக்கிறது. விழாத் துணியில் மிஞ்சிய துண்டுகளைத் திணித்துத் தமக்கும் ஃபோசுவாவுக்கும் பினமாங் மார்புக்கச்சைக்குள் வைக்கும் சிறு திண்டுகள் தைத்தார். 'முடிவு உங்களுடையது' என்ற வாசகம் உருப்படியாகப் பயன்பட்டது அங்குதான். ஐந்தாண்டு மாத்திரைகளும் தீர்ந்த அன்று பினமாங்குக்கு மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. எவ்வித அவசரத்துக்கும் ஆட்படாமல் மிக நீண்ட காலம் முடிவெடுக்காதிருந்த நோயாளி என்ற முறையில், குழு அவருக்கு ஒரு கேடயம் வழங்க விரும்பியது.

பினமாங் போகவில்லை. மருத்துவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் கேள்வி கேட்ட நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது. வாசகரே, என்றேனும் ஒரு நாள் அதில் நீங்கள் உட்கார நேரலாம். அல்லது உங்கள் மனைவி, உங்கள் தமக்கை. அன்று எதிரிலிருப்பவர் சுவரொட்டியைக் காட்டினால் சுவரைப் பார்க்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்து, நூறு பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.